அந்த நாலு லெக் பை

வியாழக்கிழமைக்குள் பலகை எழுதி முடிய வேண்டும் என்று றினாஸ் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து றவூப் வாசிப்பு மேசையை விட்டு எழும்பவில்லை. முன்னால் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. அரை மணி நேரமாக அதில் ஒரு பக்கமும் புரளவில்லை.

வருகிற சனிக்கிழமை கரவாகு யூனியன் கிரிக்கெட் கழகத்துக்கு எழுபத்தைந்து வயது. மகன் றினாஸ்தான் இப்போது செயலாளர். கழகக் கட்டடத்துக்குப் புதுப் பெயின்ற், ஒரு விழாமலர், காலையில் சிநேகபூர்வ ஆட்டம் என்று ஒரு மாதமாக ஓடித் திரிகிறான். பழைய சாதனைப் பலகையைச் சுனாமி கொண்டு போய் இருபது வருடமாகிவிட்டது. அதில் இருந்தபடியே புதிதாக ஒன்று எழுதப்போகிறார்கள். பந்துவீச்சில் முதல் வரி இதுதான்: 1973, எம்.ரி. றவூப், 8/23. பலகையைத் திறந்து வைப்பதும் அதே றவூப்தான்.

"எல்லா ஸ்கோர் புத்தகமும் கிடைச்சிட்டு வாப்பா. எழுவத்தி மூணு மட்டும்தான் இல்ல. உங்களுக்கு ஏதும் ஞாபகமிரிக்கா?" என்று கேட்டான் போகும்போது.

"பாப்பம்."

அந்தச் சொல் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். ஓம் என்பதும் அதுதான், இல்லை என்பதும் அதுதான். றவூப் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் விடுகிற இடைவெளியில் தேத்தண்ணி ஊத்திக் குடித்துவிட்டு வரலாம் என்று அவருடைய மனைவி சுபைறா வருகிற ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

எழுபத்து மூன்றாம் ஆண்டுப் புத்தகம் அவருடைய இரும்பு அலுமாரியில், வெள்ளைச் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. ஐம்பத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. எரிக்கவும் மனம் வந்ததில்லை.

அந்த எட்டு விக்கெட்டில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டால் வியாழக்கிழமை அந்தப் பொய்க்குப் புதுப் பெயின்ற் அடித்துவிடுவார்கள், சனிக்கிழமை அவரே அதன் திரையை விலக்க வேண்டும். சொன்னால் றினாஸ் இருக்கிறான். பதினாறு வயதிலிருந்து வாப்பாவின் எட்டை முந்த வேண்டும் என்று பந்து போட்டவன். ஒருமுறை ஏழு எடுத்தான். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, "ஒண்டு தப்பிட்டு வாப்பா" என்றான். றவூப் அன்றும் பேசாமல் இருந்தார்.

விழாமலருக்குக் கழக வரலாறு எழுதும் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. பதினொரு பக்கம் எழுதியிருந்தார். மெதடிஸ்த பாடசாலை ஆசிரியர்கள் இருவர், ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கி இஞ்சினியர், ஒரு தமிழ்ச் சட்டத்தரணி, பெரிய வயல்காரரான மூன்று போடியார்மார் சேர்ந்து தொடங்கியது. தமிழரும் முஸ்லிமும் பறங்கியரும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்த இடம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். அது பொய்யில்லை. மேசைக்கு வராதவர்களைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான்.

கழகத்தின் நான்காம் விதி அவருக்கு மனப்பாடம். அங்கத்தவராக விரும்புகிறவருக்கு அரச உத்தியோகம் இருக்க வேண்டும், அல்லது ஐந்து ஏக்கருக்குக் குறையாத வயல் இருக்க வேண்டும். எழுதியது அவருடைய வாப்பா முகம்மது தம்பி போடியார், அந்நாள் தலைவர். அந்த விதியில் இன பேதம் இருக்கவில்லை. முஸ்லிம் கடற்கரையோ கத்தோலிக்கக் கடற்கரையோ, தோணியில் போகிறவனின் மகனுக்கு உள்ளே இடமில்லை. ஆனால் மைதானத்தில் அவர்களுக்கு வேலை இருந்தது. அந்தக் காலத்தில் ஆடுகளத்தில் தேங்காய்த் தும்புப் பாய் விரித்து, ஓரத்தில் ஆணி அடித்துத்தான் ஆடுவார்கள். விடியற்காலையில் பாயை உருட்டிக்கொண்டு வந்து விரிப்பது கடற்கரைப் பொடியன்கள். பின்னேரப் பயிற்சியில் அங்கத்தவர்கள் மட்டை பிடிக்க, கை ஓயும்வரை பந்து போடுவதும் அவர்கள்தான். தேத்தண்ணி நேரம் வந்தால் உள்ளே பீங்கான் கோப்பை. பின்பக்கம், பூவரச மரத்தடியில், வேலிக் கட்டைகளில் கவிழ்த்து வைத்த கிளாஸ். கிளாசை அவர்களே கழுவி, மறுபடி கட்டையில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் கிளாசில் குடித்தவர்களில் ஒருவன் பத்திநாதர். றவூபுக்கு இரண்டு வயது மூத்தவன். மெலிந்த, நீண்ட கை. பாய்க்கு எங்கே முடிச்சு இருக்கிறது, எந்தப் பக்கம் தும்பு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவனுடைய உள்ளங்காலுக்குத் தெரியும். கடல் பக்க முனையிலிருந்து அவன் போடுகிற பந்து பாயில் பட்டதும் வளவுக்குள் புகுந்த ஆடு மாதிரி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருவருக்கும் விளங்காது.

எழுபத்து மூன்று மார்ச்சில் பதுளையிலிருந்து தோட்டத் துரைமாரின் அணி வந்தது. வெள்ளைக்காரர் இரண்டு பேர், மற்றவர்கள் பறங்கியரும் சிங்களவரும். வெள்ளாமை வெட்டுக் காலம். போடியார்மாரின் மகன்மார் பாதிப்பேர் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் வாடிகளில் கிடந்தார்கள். எண்ணிப் பார்த்தால் றவூபோடு சரியாகப் பதினொரு பேர். ஆட்டத்துக்கு முந்தின நாள் பின்னேரம் ஒரு பிடியெடுக்கப் போய் றவூபின் வலக்கை நடுவிரல் முறிந்தது.

பத்துப் பேரோடு இறங்குவது வெட்கம். பத்திநாதரை இறக்குவது விதிமீறல். வாப்பா கன நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அவனை இறக்க ஏலாது. உன்ர பேரை இறக்குவம்."

அப்படித்தான் பத்திநாதர் றவூபின் வெள்ளைக் காற்சட்டையையும், ஒரு அளவு சின்னதான சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, எம்.ரி. றவூப் என்ற பெயரில் இறங்கினான். மெய்யான றவூப் விரலில் கட்டோடு ஸ்கோர் மேசையில் இருந்தான். ஸ்கோர் எழுதத் தெரிந்த வேறு ஆள் இல்லை. துரைமார் பக்கம் எழுத வந்தவர் மத்தியானச் சாப்பாட்டோடு நித்திரையாகிவிட்டார். றவூப் இடக்கையால், கோழி கிளறின மாதிரி, தன்னுடைய பெயருக்கு நேரே எட்டு விக்கெட் எழுதினான்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. துரைமார் அணித்தலைவரின் தம்பி கொழும்பில் ஒரு வங்கியில் பெரிய இடத்தில் இருந்தார். அவர்களுடைய அணிக்கு ஒரு பந்துவீச்சாளன் தேவையாம், எழுதுவினைஞர் வேலையும் இருக்கிறதாம். "போ" என்றார் வாப்பா. றவூப் போனார். இரண்டு ஆட்டத்தில் அடி வாங்கினார். விரல் கோணலாகப் பொருந்தியிருக்கிறது, பாவம், என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள். வேலை நிலைத்தது. மனேஜராகச் சொந்த ஊரான கல்முனைக்கே திரும்பி வந்து ஓய்வு பெற்றார். கலியாணம், வீடு, றினாசின் படிப்பு, இப்போது மாதாமாதம் வருகிற பென்சன் எல்லாம் அந்தக் கடிதத்தின் பின்னால் வந்தவை.

ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கையேந்திக் கேட்கிற துஆவில் அவர் பத்திநாதரின் பெயரைச் சொல்லுவார். ஐம்பத்திரண்டு வருடத்தில் அது ஒரு நாளும் தவறியதில்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்து நன்றி என்று ஒரு சொல் சொன்னதில்லை.

புதன்கிழமை காலை அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். சுபைறா கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இடைவெளிகள் விட்டு விட்டு, முழுவதையும் சொன்னார். சொல்லி முடிய அவள் ஒரு சாரனை மடித்து முடித்து, அடுத்ததைக் கையில் எடுத்து, அப்படியே வைத்திருந்தாள்.

"அப்ப எங்கட வாப்பா ஓம் எண்டது பேங்க் மாப்பிள எண்டுதானே."

"ஓம்."

"பேங்க் கிடைச்சது அந்த எட்டு விக்கெட்டால."

"ஓம்."

"அப்ப கணக்குப்படி நான் பத்திநாதரையெல்லோ கலியாணம் முடிச்சிரிக்கணும்."

றவூப் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இருக்கவில்லை. "றினாசுக்கு நோகும்" என்றாள். பிறகு, "ஆனா முதல்ல அங்க போங்க. இஞ்ச வெச்சு யோசிச்சிட்டே இரிந்தா வியாழக்கிழமை போயிரும்" என்று சாரனை உதறினாள்.

பத்திநாதர் இப்போது கடற்கரையில் இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டத்தில், கடைசி வரிசையில், மகள் அற்புதராணியோடு இருந்தார். மீன் சந்தையில் அவரை இத்தனை வருடமும் பார்த்துப் பழக்கம்தான். வெள்ளிக்கிழமைகளில் றவூப் போனால் நல்ல மீனாகப் பார்த்து எடுத்து, "இது மனேஜருக்கு" என்று வைப்பார். அதற்கு மேல் இரண்டு பேரும் கதைத்ததில்லை. மூன்று வருடமாக அவர் சந்தைக்கு வருவதில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதாம்.

கதவைத் தட்டியதும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று றவூபுக்கு விளங்கவில்லை. சின்ன வயதில் "டேய் பத்தி" என்றுதான் கூப்பிட்டது. பிறகு கூப்பிடாமலே சமாளித்தது.

"அண்ணன் இரிக்காரா?" என்று கேட்டார் கதவைத் திறந்த அற்புதராணியிடம். அந்தச் சொல் இந்த ஆளைக் குறித்து முதல் தரம் அவர் வாயில் வந்தது.

பத்திநாதர் தொலைக்காட்சிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஏதோ ஒரு நாட்டு டெஸ்ட் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "மனேஜர். இரிங்க" என்றார். அவ்வளவுதான். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

றவூப் இருந்தார். இரண்டு ஓவர் முடிந்தது. அற்புதராணி றவூபுக்குப் பீங்கான் கோப்பையிலும் தகப்பனுக்குக் கிளாசிலும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். றவூப் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பலகையைப் புதுசா எழுதுறாங்க" என்றார் கடைசியில். "அதில உங்கட பேரைப் போடணும். எழுவத்தி மூணு. எட்டு விக்கெட். அது உங்கட. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தன்."

பத்திநாதர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அற்புதராணிதான் வாசற்படியில் நின்றபடி சொன்னாள்.

"அப்பா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லுவார் ஐயா. ஒவ்வொரு விக்கெட்டா. எங்களுக்குப் பாடம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கடற்கரை முழுக்கத் தெரியும். உங்கட பக்கம்தான் தெரியாது."

றவூபுக்குக் காது சூடேறியது. கூட ஆடியவர்கள் வாய் திறக்காமலே ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, தான் ஒருவனே காத்துவந்த இரகசியம் என்று நினைத்திருந்தார். உண்மையில் ஒரு கடற்கரையே சேர்ந்து அவருக்காக அதைக் காத்திருக்கிறது.

"ஏன் ஒருத்தரும் வந்து கேக்கல்ல?"

"என்னத்தைக் கேக்கிற?" என்றார் பத்திநாதர். "எழுவத்தி நாலில நான் ஒருக்கா யோசிச்சனான்தான். உங்கட வாப்பாட்டப் போய், அந்த வேலை எனக்கு வந்ததெண்டு சொல்லுவமா எண்டு. எனக்கு எழுத்து வாசிப்புக் குறைவு. நான் போய் பேங்கில என்ன செய்யிற? எனக்குமில்லாம உங்கட சோத்திலயும் மண்ணைப் போட்டிருப்பன்." கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார். "கோபம் இல்லாம இல்ல. இரிந்தது. பேந்து போயிட்டு."

"நான் உங்களுக்கு ஒரு அங்கத்துவமாவது எடுத்துத் தந்திருக்கலாம்" என்றார் றவூப். " நாலாம் விதியை எழுவத்தி எட்டில நீக்கிட்டாங்களே."

"எழுவத்தி எட்டில கலியாணம், பிள்ளையள். பேந்து வருவம் வருவம் எண்டு இரிக்க, சண்டை வந்திட்டு. தமிழ் ஆக்கள் உங்கட கழகத்துக்கு வாறதும் நிண்டு போச்சு. எங்கட பொடியன்களும் வேற கழகம் தொடங்கிட்டாங்க. முந்தி மீன் நாத்தம் எண்டாங்க, பேந்து தமிழன் எண்டாங்க. வேலியைத் தூக்கித் தூக்கி வேற வேற இடத்தில நட்டாங்க. நான் எப்பிடியோ ஒவ்வொரு தரமும் வெளிப்பக்கம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

றவூப் சிரிக்கவில்லை. மடியில் ஸ்கோர் புத்தகம் இருந்தது. அதன் அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒண்டு தெரியுமா மனேஜர்?" என்றார் பத்திநாதர். "அண்டைக்கு நான் உள்ள இரிந்து சாப்பிட்டன். வேற வழியில்ல, நான்தானே றவூப். துரைமாருக்கு நடுவில கதிரை. பீங்கான் கோப்பை. எங்க உடைச்சிருவனோ எண்டு பயம். அந்தப் பெரிய துரை உங்கட வாப்பாட்ட இங்கிலீசில ஏதோ கேட்டான். உங்கட வாப்பா என்ர தோளில கையைப் போட்டு, 'ஓம், என்ர மகன்' எண்டார். பேந்து ரெண்டு தரம் கேட்டானுகள். ரெண்டு தரமும் அப்பிடியே சொன்னார். மொத்தம் மூணு தரம்."

திரையில் யாரோ ஆட்டமிழந்தார்கள். இருவரும் பார்க்கவில்லை.

"நான் பதினொரு வயசில அப்பனைக் கடலுக்குக் குடுத்தவன். அந்தக் கை இந்தத் தோளில கிடந்த கனம் எனக்கு இன்னும் தெரியும். அடுத்த நாள் அவர் என்னைக் கண்டு பேசாமப் போனார், அது வேற. ஆனா அந்த மூணு தரத்தை அவரால திருப்பி எடுக்க ஏலாதெல்லோ."

தன்னை வாப்பா ஒருநாளும் பிறர் முன்னால் தோளில் கை போட்டு மகன் என்று சொன்னதாக றவூபுக்கு நினைவில்லை. அதை நினைத்துப் பொறாமை வராதது அவருக்கே புதினமாக இருந்தது. வாப்பாவின் அந்தக் கை இந்த உலகத்தில் ஒரு தோளிலாவது விழுந்திருக்கிறதே என்றிருந்தது.

"ஆனா ஒண்டு" என்றார் பத்திநாதர், குரல் மாறி. "பேரைப் பத்தி எனக்கு ஒண்டுமில்ல. அந்த இருவத்தி மூணுதான் எனக்கு இண்டைக்கும் வயித்தெரிச்சல்."

"எந்த இருவத்தி மூணு?"

"எட்டுக்கு இருவத்தி மூணு எண்டு எழுதி வெச்சிரிக்கீங்க. நான் குடுத்தது பத்தொம்பது ஓட்டம். சாப்பாட்டுக்குப் பேந்து மூணாவது ஓவர். கட்டைத் துரை ஒருத்தன், முன்கால் காப்பில பட்டு பின்பக்கமா நாலுக்குப் போச்சு. நடுவர் காலைத் தூக்கித் தட்டினவர். லெக் பை, உதிரியில போக வேண்டியது. நான் திரும்பி உங்களைத்தான் பாத்தன். நீங்க இடக்கையால கொக்கி மாதிரி எழுதிட்டு இரிந்தீங்க. அப்பவே நினைச்சன், இந்தப் பொடியன் என்ர கணக்கில போடப்போறான் எண்டு."

றவூப் மூக்குக் கண்ணாடியைப் போட்டார். ஐம்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தார். தாள் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்தது. கோணல் மாணலான தன்னுடைய இடக்கை எழுத்து. பந்துவீச்சாளர்கள் மூவர்: இருபத்து மூன்று, நாற்பத்தொன்று, இருபத்திரண்டு. உதிரிகள் ஒன்பது. மொத்தம் தொண்ணூற்றொன்று.

வாழ்நாள் முழுக்க வங்கியில் எண்களைக் கூட்டியவர், அந்த நான்கு எண்களையும் முதல் தரம் கூட்டினார். தொண்ணூற்றைந்து வந்தது. மறுபடி கூட்டினார். தொண்ணூற்றைந்துதான். நான்கு ஓட்டம் உதிரியிலும் விழுந்திருந்தது, பத்திநாதரின் தலையிலும் விழுந்திருந்தது.

"பத்தொம்பது" என்றார் றவூப்.

"நான் சொல்லல்ல?" பத்திநாதர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லல்ல நான்?"

"சொன்னீங்க அப்பா. எல்லா நத்தாருக்கும்."

நன்றி சொல்லத்தான் றவூப் வந்திருந்தார். அதற்கென்று ஒரு வசனம் வழியெல்லாம் தயார் பண்ணியிருந்தார். இப்போது அதைத் தேடினால் கிடைக்கவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை முழுவதுமாகக் குடித்தார். எழும்பும்போது, "சனிக்கிழமை வருவீங்களா?" என்றார்.

"பாப்பம்" என்றார் பத்திநாதர்.

அன்று பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு கழகக் கட்டடத்தில் செயற்குழு கூடியிருந்தது. தலைவர் றிஷாட், றினாஸ், இன்னும் நாலு பேர். பலகை எழுதுகிற நிப்றாஸ் ஒரு மூலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். றவூப் நின்றபடியே சொன்னார். சுபைறாவிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக இருந்தது. இடைவெளியும் விடவில்லை.

றிஷாட் முகத்தைச் சுளித்தான். "சேர், நீங்க பெருந்தன்மையா சொல்லுறீங்க, விளங்குது. ஆனா இப்ப ஊர் இரிக்கிற நிலைமையில இதை ஆக்கள் வேற மாதிரிக் கதைப்பாங்க. தமிழ் ஆக்களோட பிரதேச செயலகப் பிரச்சினை ஒரு பக்கம். எங்கட கழகத்தின்ர முதல் பேரையே நாங்க எடுத்து..." அவன் வசனத்தை முடிக்காமல் விட்டான். "அதோட ஆதாரமும் இல்லயே."

றவூப் புத்தகத்தை மேசையில் விரித்தார். "இதில பந்து போட்டவர் பேரை வாசி."

"எம்.ரி. றவூப்."

"கீழ, எழுதினவர் கையெழுத்து."

றிஷாட் குனிந்தான். ஸ்கோர் எழுதியவர் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். அன்று பின்னேரம், எட்டு முறை பொய்ப் பெயர் எழுதிய கை, பழக்கதோசத்தில் கடைசியில் உண்மையை எழுதியிருந்தது. அதே கோணல் எழுத்தில்: எம்.ரி. றவூப்.

"ஒரே நேரத்தில மேசையில இரிந்து எழுதிக்கிட்டும், கடல் பக்கம் இரிந்து பந்து போட்டுக்கிட்டும் இரிக்க ஏலுமா?" என்று கேட்டார். "ஐம்பத்திரண்டு வருசமா ஒருத்தரும் இதைப் பாக்கல்ல. நானும்தான்."

றினாஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"ஏழு எடுத்த அண்டைக்குச் சொல்லியிரிக்கலாமே வாப்பா" என்றான்.

"ஓம்" என்றார் றவூப். "அண்டைக்குத்தான் சொல்லியிரிக்கணும்."

றினாஸ் புத்தகத்தை மூடாமலே எழும்பி ஜன்னலடிக்குப் போனான். அங்கிருந்து ஆடுகளத்தைப் பார்த்தபடி நின்றான்.

"தும்புப் பாயில, பத்தாத சப்பாத்தோட, பத்தொம்பதுக்கு எட்டு" என்றான், தனக்குள் கதைப்பது போல. "இந்த வயசில எனக்குத் தோக்கிறதுக்கு ஒரு ஒழுங்கான ஆள் கிடைச்சிரிக்கார்." பிறகு திரும்பினான். "நிப்றாஸ், முதல் வரியை மாத்து. றிஷாட், கதைக்கிறவங்க என்னோட வந்து கதைக்கட்டும்."

நிப்றாஸ் பென்சிலைக் காதில் செருகினான். "முதலெழுத்து என்ன? எல்லாப் பேருக்கும் இரிக்கே."

றவூபுக்குத் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் துஆவில் சொன்ன பெயரின் முதலெழுத்து தெரியாது. வெட்கத்தோடு அற்புதராணிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த அப்பனின் பெயர் சந்தியாப்பிள்ளை.

அன்றிரவு வரலாற்றின் பதினொரு பக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு றவூப் முதல் பக்கத்தைத் திரும்ப எழுதினார். ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்தவர்களின் வசனத்துக்குக் கீழே, வேலிக் கட்டையில் கவிழ்ந்திருந்த கிளாசுகளையும் எழுதினார்.

சனிக்கிழமை காலை பத்திநாதர் ஓட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, மகளின் கையில் ஒரு கை. கட்டடத்துக்குள் போகவில்லை. நேரே மைதானத்துக்குள் நடந்து ஆடுகளத்தில் நின்றார். இப்போது சீமெந்துத் தரையில் பச்சைச் செயற்கைப் பாய். முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, பெருவிரலால் அதை அழுத்திப் பார்த்தார்.

"இதில ஒண்டும் செய்ய ஏலா" என்றார் றினாசிடம். "இதில நீங்க ஏழு எடுத்தனீங்களா?"

"ஓம்."

"அப்ப நீங்க கெட்டிக்காரன் மனே."

றினாஸ் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டான். வாப்பா எதுவும் சொல்லாமல் விட்ட அந்தப் பின்னேரத்துக்கான பதில் அவனுக்கு இப்படி, வேறொரு வாயிலிருந்து கிடைத்தது. எல்லைக்கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த றவூப், அதற்கும் சேர்த்து மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

பலகையின் திரையைப் பத்திநாதரும் றவூபும் சேர்ந்துதான் விலக்கினார்கள். ச. பத்திநாதர், 8/19. பத்திநாதர் கண்ணைச் சுருக்கிக் கன நேரம் வாசித்தார். பெயரைத் தாண்டி எண்ணில்தான் அவருடைய கண் நின்றது. "சரி" என்றார். கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்து ஒன்றிரண்டு பேர் தட்டவில்லை, றவூப் அதையும் கண்டார்.

பிறகு சிநேகபூர்வ ஆட்டம் தொடங்கியது. பத்திநாதரின் கடற்கரைப் பொடியன்கள் தொடங்கிய கழகமும் யூனியனும். ஸ்கோர் எழுத இருந்த ஆளை எழுப்பிவிட்டு றவூப் அந்தக் கதிரையில் இருந்தார். பேனாவை வலக்கையில் பிடித்தார். நடுவிரல் இன்னும் கோணல்தான், ஆனாலும் எழுத்து நேராக விழும். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, "இதில இரிங்க அண்ணன்" என்றார். பீங்கான் கோப்பைகள் இரண்டு வந்தன.

நாலாவது ஓவரில் பந்து ஒருவனின் கால் காப்பில் பட்டுப் பின்னால் ஓடியது. நடுவர் இன்னும் காலைத் தூக்கவில்லை.

"லெக் பை" என்றார் பத்திநாதர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, றவூபின் பேனா முனையைப் பார்த்தபடி.

"தெரியும்" என்றார் றவூப். உதிரிகளுக்கு உரிய கட்டத்தில் எழுதினார்.